பாராவில் நிற்பவரையும் கேளுங்கள்

விநாயகர் சிலைகளைக் கடலில் கரைக்கும் ஞாயிற்றுக்கிழமை அது. முந்தின நாள் இரவு எனக்கு நைட் ரவுண்ட்ஸ். விடியற்காலை ஐந்தரைக்குக் ரோந்துக்கான கடைசி பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிலையத்துக்கு வந்தேன். வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரமில்லை. பின்பக்கக் குழாயில் முகம் கழுவி, அதே சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு ஏழு மணி ரோல் காலில் நின்றேன். ஒன்பது மணிக்குப் பட்டினப்பாக்கம். மணல், வெயில், மேளம், கிரேன், லாரி லாரியாக வந்து இறங்கும் சிலைகள். மாலை ஆறு மணிக்குமேல் முழங்காலுக்குக் கீழே எனக்கு உணர்வே இல்லை. கயிறு கட்டித் தடுத்திருந்த இடத்துக்குப் பதினாறு வயது மதிக்கத்தக்க பையன் ஒருவன் வந்தான். தம்பி கூட்டத்தில் தவறிவிட்டான், உள்ளே போய்த் தேட வேண்டும் என்றான். முடியாது என்றேன். மறுபடி கேட்டான். மூன்றாம் முறை கேட்டபோது அறைந்துவிட்டேன்.

அவன் அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என் சட்டையில் இருந்த பெயர்ப்பட்டையைப் படித்தான். அரை மணி நேரம் கழித்து அவன் தம்பி கிடைத்துவிட்டான். வேறொரு காவலர் ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லி அறிவித்ததில் கிடைத்தான். அந்த அறிவிப்பை நானே செய்திருக்கலாம். என்னை அங்கே நிறுத்தியிருந்ததே அதற்குத்தான்.

1988-ல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, 36 ஆண்டுகள் காக்கிச் சட்டையில் இருந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நான். தூக்கமில்லாததால் கை நீண்டது என்று சொன்னால் அது சாக்கு. அன்று அதே கயிற்றோரம் என்னைப் போலவே கண்விழித்து நின்ற மற்றவர்கள் யாரையும் அடிக்கவில்லை. தவறு என்னுடையது. ஆனால் காவல்துறைச் சீர்திருத்தம் என்று பேசும்போதெல்லாம், முப்பத்தாறு மணி நேரமாக விழித்திருப்பவன் கையில் லத்தியைக் கொடுத்துக் கூட்டத்தின் முன்னால் நிறுத்தும் ஏற்பாட்டைப் பற்றி ஏன் ஒருவரும் பேசுவதில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சீர்திருத்தம் பற்றிய காகிதங்களுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. சென்னை நகரக் காவலுக்கென இருக்கும் சட்டம் 1888-ல் வெள்ளையர் போட்டது. சுதந்திரத்துக்குப் பின் தமிழ்நாட்டில் 1969-ல் ஆர்.ஏ.கோபாலசாமி தலைமையில் முதல் காவல் ஆணையம் அமைந்தது. 2022-ல் நீதிபதி சி.டி.செல்வம் தலைமையில் இன்னொன்று அமைந்தது. நடுவில் மத்திய அரசு 1977-ல் தரம்வீரா தலைமையில் அமைத்த தேசியக் காவல் ஆணையம் 1981 வரை எட்டு அறிக்கைகளைக் கொடுத்தது. பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22-ல் ஏழு கட்டளைகளைப் பிறப்பித்தது. டி.ஜி.பி.க்கு இரண்டாண்டுப் பதவிக்காலம், நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் இரண்டாண்டு, புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரித்தல், புகார் விசாரிக்கத் தனி அமைப்பு என்று எல்லாமே தேவையானவைதாம். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டளைகள் வெளியான வாரத்தில் எங்கள் நிலையத்தில் யாரும் அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியதெல்லாம் ஆயுதபூஜை பந்தோபஸ்துக்கு யாருக்கு எங்கே டூட்டி என்பதைப் பற்றி.

தரம்வீரா ஆணையம் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி நடந்துகொண்டது. அதன் முதல் அறிக்கையே கான்ஸ்டபிளின் நிலையிலிருந்து தொடங்கியது. அந்த அறிக்கை வந்த 1979-ல்தான் பஞ்சாபில் தொடங்கிப் பல மாநிலங்களில் காவலர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். தமிழ்நாட்டிலும் இறங்கினார்கள், பலர் வேலையை இழந்தார்கள். நான் பயிற்சிக்குப் போன காலத்தில் அந்த ஆண்டைப் பற்றி மூத்த ஏட்டுகள் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள்.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். மத்திய அரசின் காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகத்துக்காக 2014-ல் ஓர் ஆய்வு நடந்தது. நாட்டின் காவல் நிலையப் பணியாளர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கிறார்கள், நான்கில் மூன்று பேருக்கு மாதத்தில் ஒரு வார விடுப்புகூடச் சரியாகக் கிடைப்பதில்லை என்றது அது. 2019-ல் காமன் காஸ் அமைப்பும் லோக்நிதியும் 21 மாநிலங்களில் சுமார் 12,000 காவலர்களைச் சந்தித்து வெளியிட்ட அறிக்கை, சராசரி வேலை நேரம் 14 மணி என்றது. அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. சிறு குற்றங்களுக்கு நீதிமன்றம் வரை போகாமல் காவலரே தண்டனை கொடுத்து அனுப்பிவிடலாம் என்று 37 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள். மனித உரிமைக்காரர்கள் இரண்டாவது எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள், காவலர் நலம் பேசுவோர் முதல் எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். நிலையத்துக்குள் இருந்து பார்த்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான். பதினான்கு மணி நேரம் நின்றவனுக்கு எஃப்.ஐ.ஆர். எழுதி, ரிமாண்ட் ரிப்போர்ட் தயார் செய்து, சைதாப்பேட்டை கோர்ட்டில் பாதி நாள் காத்துக் கிடப்பதைவிட இரண்டு தட்டுத் தட்டி அனுப்பிவிடுவது சுலபமாகத் தெரிகிறது. சட்டப்படி செய்யும் வேலைக்கு நேரம் பிடிக்கும். நேரத்தைத்தான் அவனிடமிருந்து முதலில் பிடுங்கிவிடுகிறோம்.

வார விடுப்பு வந்துவிட்டதே என்பீர்கள். வந்தது. 2021 நவம்பரில் இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் ஓய்வு தர அரசாணை வந்தபோது என் மனைவி காலண்டரில் செவ்வாய்க்கிழமைகளை வட்டமிட்டு வைத்தாள். நான் அப்போது சிறப்பு உதவி ஆய்வாளர். அந்த ஆணை என்னைத் தொடாது என்று சொல்ல மனம் வராமல் இரண்டு நாள் சும்மா இருந்தேன். ஆணை தொட்டவர்களுக்கும் முழுசாய்க் கிடைக்கவில்லை. சேப்பாக்கத்தில் கிரிக்கெட், வள்ளுவர் கோட்டத்தில் ஆர்ப்பாட்டம், மயிலாப்பூரில் அறுபத்து மூவர் என்று ஏதாவது ஒன்று வந்தால் போதும், "இன்னைக்கு வாப்பா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று போன் வரும். பதிவேட்டில் மட்டும் அந்த நாள் ஓய்வாகவே இருக்கும். அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் மேலே அறிக்கை போகும். இது யாரோ ஒரு கெட்ட அதிகாரியின் வேலை அல்ல. இன்ஸ்பெக்டருக்கு மேலிருந்து இத்தனை பேர் வேண்டும் என்று எண்ணிக்கை வருகிறது. இருப்பதோ கால்வாசிக் குறைவு. அவர் யாரைக் கூப்பிடுவார்?

ஆள் போதாது என்பதுதான் எல்லாவற்றுக்கும் தயாராக இருக்கும் பதில். 2014 ஆய்வும் எட்டு மணி நேர ஷிஃப்ட் வைக்க வேண்டுமானால் இப்போதிருப்பதைப்போல 1.68 மடங்கு ஆட்கள் தேவை என்றது. அதை எடுத்துக்காட்டியே பல மாநிலங்கள் கைகழுவின. மும்பையில் நடந்தது வேறு. தேவ்னார் நிலையத்தில் பணியாற்றிய ஒரு கான்ஸ்டபிள், இருக்கிற ஆட்களை வைத்தே எட்டு மணி நேர ஷிஃப்ட் ஓட்டுவது எப்படி என்று தாமே உட்கார்ந்து அட்டவணை போட்டார். எந்தக் காவலர் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் வீணாக நிற்கிறார் என்பது அவருக்குத் தெரியும், ஏனென்றால் நின்றவர் அவர்தான். அப்போதைய ஆணையர் தத்தா பட்சல்கீகர் அந்தக் காகிதத்தைக் குப்பையில் போடவில்லை. 2016 மே மாதத்தில் தேவ்னாரில் சோதித்துப் பார்த்தார், பிறகு நகரின் மற்ற நிலையங்களுக்கும் கொண்டுபோனார். கொரோனா வந்து அந்த ஏற்பாட்டைக் குலைத்தது என்பதும் உண்மைதான். ஆனாலும் ஒரு மாநகரக் காவல்துறையில் நூறு ஆண்டுப் பழக்கம் ஒரு கான்ஸ்டபிளின் பென்சில் அட்டவணையால் அசைந்தது. நம் ஆணையங்கள் எதுவும் அதைச் செய்யவில்லை. சென்னையில் அப்படி ஒரு காகிதத்தை ஒரு காவலர் கொடுத்திருந்தால் அது எங்கே போயிருக்கும்? ஸ்டேஷன் ரைட்டர் கையைத் தாண்டியிருக்குமா என்பதே சந்தேகம்.

அந்த அட்டவணை போட நம்மிடமும் ஆள் உண்டு, வீணாகும் உழைப்பும் உண்டு. உயரதிகாரிகளின் வீட்டு வேலைக்குக் காவலரை வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையை 1979-லேயே அரசு ஆணை போட்டு ஒழித்தது. 43 ஆண்டுகள் கழித்து, 2022-ல், அந்த முறையை ஒழித்தே ஆக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு ஆணை காகிதத்திலிருந்து தெருவுக்கு இறங்க எத்தனை காலம் பிடிக்கிறது என்று பாருங்கள். புலனாய்வைத் தனியே பிரிப்பதும் இதே கதைதான். சென்னை நிலையங்களில் சட்டம் ஒழுங்குக்கு ஒரு இன்ஸ்பெக்டர், கிரைமுக்கு ஒரு இன்ஸ்பெக்டர் என்று பலகை தனித்தனியாகத்தான் தொங்குகிறது. பந்தோபஸ்து என்று வந்துவிட்டால் கிரைம் பார்ட்டியும் சேர்ந்துதான் வண்டியில் ஏறும். செயின் பறிகொடுத்த அம்மா மூன்றாவது முறை வந்து, "ஐயா, ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்கும்போது அந்த ஐயா ஏதோ ஒரு பாலத்தின் கீழே, ஏதோ ஒரு கார் வரிசை கடந்து போவதற்காக நின்றுகொண்டிருப்பார்.

பணத்தைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஒரு மழைக்கால இரவில் நடைமேடையில் அடையாளம் தெரியாத முதியவரின் சடலம். பிரேத விசாரணை முடிந்து அடக்கம் வரைக்கும் அந்த உடம்பு என் பொறுப்பு. வண்டிக்காரருக்குக் காசு. பிணவறையில் இருந்தவர்களுக்கு, கேட்டார்கள் என்பதற்காக, காசு. கோடித்துணி, மாலை, குழி வெட்டியவர் கூலி. போட்டோகிராபருக்குக் கடன் சொன்னேன். எல்லாம் என் சட்டைப் பையிலிருந்து போனது. நிலையத்துக்கு அரசு தரும் சில்லறைச் செலவுத் தொகை அந்த மாதம் பத்தாம் தேதிக்குள்ளேயே தீர்ந்திருந்தது. லாக்கப்பில் இருப்பவருக்கு இட்லி, பிரிண்டருக்குப் பேப்பர் கட்டு, சம்மன் கொண்டுபோகப் பெட்ரோல் என்று வரிசையாக நிற்கும் இந்தச் செலவுகளுக்கு யார் கொடுக்கிறார்கள் என்று எந்தத் தணிக்கையும் கேட்பதில்லை. ஒரு நாள் ரைட்டர் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரிடம் பேப்பர் கேட்கிறார். அடுத்த மாதம் ஓட்டல்காரரிடம் சாப்பாடு. அதற்கடுத்து அந்த ஓட்டல்காரர் மீது புகார் வந்தால் அந்தப் புகாரை யார் எழுதுவார்? மாமூலுக்குப் பேராசையும் காரணம், பெரிய இடத்து மாமூல் பேராசை தவிர வேறில்லை. ஆனால் ஒரு இளங்காவலர் முதன்முதலில் கை நீட்டப் பழகுவது பெரும்பாலும் நிலையத்தின் செலவுக்காக. அந்தக் கை பிறகு மடங்குவதில்லை.

அடுத்தது எண்ணிக்கைத் தொல்லை. குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்பவர் மீது சென்னை நகரக் காவல் சட்டம் 75-ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். எங்கள் பாஷையில் அது எழுபத்தஞ்சு கேஸ். "இன்னைக்கு எத்தனை எழுபத்தஞ்சு?" என்று மைக்கில் கேட்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஓப்பன் மைக்கிலேயே திட்டு விழும். நகரம் முழுவதும் உள்ள வண்டிகளில் அது கேட்கும். எண்ணிக்கை நிரம்ப வேண்டுமே என்று சும்மா டீக்கடையில் நின்றவரை எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தெருவில் சண்டை நடக்காமல் பார்த்துக்கொண்ட பீட் காவலருக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை, ஏனென்றால் நடக்காத சண்டைக்கு நம்பர் கிடையாது.

அந்தத் திட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐம்பத்தைந்து வயது ஏட்டை, மகன் வயது அதிகாரி "யோவ், இங்க வாய்யா" என்று கூப்பிடுவது இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. ஏட்டு "ஐயா" என்று விறைப்பாக நிற்பார். ஐந்து நிமிடம் கழித்து நிலையத்து வாசலில் புகார் மனுவோடு வந்த கூலித் தொழிலாளியை அதே ஏட்டு எப்படி அழைக்கிறார் என்று கவனியுங்கள். அதே ராகம். மரியாதையாகப் பேசச் சொல்லி எங்களுக்கு எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறார்கள். எங்களிடம் மரியாதையாகப் பேசும்படி மேலே உள்ளவர்களுக்கு எடுத்த வகுப்பு ஒன்றுகூட எனக்குத் தெரிந்து இல்லை.

நல்ல மாற்றங்கள் இல்லாமல் இல்லை. 1973-ல் கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய பெண்களோடு தொடங்கியது தமிழ்நாட்டுப் பெண் காவல். அதன் பொன்விழாவில், 2023 மார்ச்சில், பெண் காவலருக்கு ரோல் கால் ஏழுக்குப் பதில் எட்டு மணி என்று முதலமைச்சர் அறிவித்தார். வெளியே இருப்பவருக்கு இது சின்ன விஷயம். குழந்தைக்குத் தலைவாரிப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வரும் காவலருக்கு அந்த ஒரு மணி நேரம் என்னவென்று அவரைக் கேட்டால் தெரியும். யாரோ அவர்களைக் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் அந்த அறிவிப்பு வந்தது.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தார்கள். 2022 ஏப்ரலில் சென்னையிலேயே வாகனச் சோதனையில் பிடிபட்ட ஒரு இளைஞர் காவலில் இறந்தார், அந்த வழக்கில் கைதானவர்களில் ஏட்டும் காவலரும் ஊர்க்காவல் படைக்காரரும் இருந்தார்கள். 2025 ஜூனில் திருப்புவனத்தில் கோயில் காவலாளி ஒருவர் தனிப்படையின் கையில் உயிரிழந்தார். இவற்றை எல்லாம் வேலைப்பளு என்று சொல்லித் தப்பிக்க முயன்றால் அது செத்தவர்களுக்குச் செய்யும் துரோகம். அடித்தவர்கள் குற்றவாளிகள், தண்டிக்கப்பட வேண்டியவர்கள். அதை ஒரு காவலனாகவே சொல்கிறேன்.

சாத்தான்குளத்தில் வேறொருவரும் இருந்தார். அன்றிரவு அந்த நிலையத்தில் பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர். தந்தையையும் மகனையும் இரவெல்லாம் அடித்ததைப் பார்த்தேன், மேசையிலும் லத்தியிலும் ரத்தக் கறை இருந்தது என்று விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம் சொன்னார். வெளியே சக காவலர்கள் நின்றுகொண்டிருக்க, உள்ளே நடுங்கிக்கொண்டே சொன்னார். அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் பாதுகாப்பு கொடுக்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. என் பணிக்காலத்தில் நான் பார்த்த எந்தப் பதக்கத்தையும்விட அந்த வாக்குமூலம் பெரியது.

ஒவ்வொரு நிலையத்திலும் அவரைப் போல் ஒருவராவது இருக்கிறார். அடிக்க வேண்டாம் ஐயா என்று சொல்ல நினைத்து வாயை மூடிக்கொள்பவர். அவர் ஏன் மூடிக்கொள்கிறார்? சொன்னால் மறுநாள் ஒழுங்கு நடவடிக்கைக்கான 3(பி) மெமோ வரும். வராவிட்டால் குடும்பம் ஒரு மூலையில், அவர் ஒரு மூலையில் என்று இடமாற்றம் வரும். பத்தாண்டில் முதல்நிலைக் காவலர், அதன்பின் ஐந்தாண்டில் ஏட்டு, அதன்பின் பத்தாண்டில் எஸ்.எஸ்.ஐ. என்று நீண்டகாலம் இருந்த எங்கள் பதவி உயர்வுக் கணக்கில், ஒரு சின்னத் தண்டனை நிலுவையில் இருந்தாலும் வண்டி நின்றுவிடும். இரண்டு பிள்ளைகளை வைத்திருப்பவர் வாயை மூடிக்கொள்வது கோழைத்தனம் மட்டுமல்ல.

அவர் போய்ச் சொல்ல வேண்டிய இடம் எது? 2013-ல் தமிழ்நாடு இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டம் புகார் ஆணையத்தை உள்துறைச் செயலாளர் தலைமையில் வைத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் எண்ணம். துறையை நடத்துபவரிடமே துறையைப் பற்றிப் புகார் சொல் என்றால் மக்களுக்கும் பயன் இல்லை, உள்ளிருந்து பேச நினைக்கும் காவலருக்கும் பயன் இல்லை. சங்கம் வைக்கவும் எங்களுக்கு வழியில்லை. பக்கத்தில் கேரளத்தில் காவலர்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட சங்கங்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. அங்கே ஒழுங்கு கெட்டுப்போய்விடவில்லை. வேலைநிறுத்த உரிமை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கமாட்டேன். ஆயுதம் வைத்திருப்பவர்களுக்கு அது கூடாது. ஆனால் டூட்டி அட்டவணையைப் பற்றியும் சட்ட விரோதமான வாய்மொழி உத்தரவைப் பற்றியும் பயமில்லாமல் பேச ஓர் இடம் வேண்டும். நிலையங்களில் எல்லா மூலையிலும் கேமரா வைக்க உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னபோது பலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அடிக்காதவனுக்கு அதுதான் சாட்சி.

நீதிபதி செல்வம் ஆணையத்தின் உறுப்பினர்களில் மனநல மருத்துவர் ஒருவரும் இருந்தார். காவலரின் மனம் என்று ஒன்று இருப்பதை அரசு ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாக அதை எடுத்துக்கொள்கிறேன். அதோடு நிற்காமல், ஒவ்வொரு நிலையத்திலும் பாராவில் நிற்பவர், ரைட்டர், பீட் காவலர், மகளிர் காவலர் என்று நாலு பேரைத் தனியே உட்கார வைத்து, அதிகாரிகள் இல்லாத அறையில், அவர்கள் டூட்டி அட்டவணையை அவர்களையே திருத்தி எழுதச் சொல்லுங்கள். நூறு பக்க அறிக்கை வேண்டாம், ஒரு தாள் போதும்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். காவல்துறை மானியக் கோரிக்கை ஆண்டுதோறும் சட்டப்பேரவைக்கு வருகிறது. எத்தனை ஜீப் வாங்கினார்கள், எத்தனை நிலையம் திறந்தார்கள் என்று அதில் சொல்வார்கள். அடுத்த முறை அது வருவதற்கு முன், உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் சென்ற ஆண்டு எத்தனை வார விடுப்புகள் உண்மையாகவே கொடுக்கப்பட்டன, நிலையச் செலவுக்கு மாதம் எவ்வளவு தரப்பட்டது என்ற இரண்டு கணக்கையும் அவையில் கேட்கும்படி உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.